ஆறு நாற்காலிக்குத் தண்ணீர்

ஊர் என்று ஒன்று இருந்தது. ஊருக்கு இரண்டு தெரு இருந்தது. இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரு வீடு இருந்தது. வீட்டுக்குள் ஆறு நாற்காலி இருந்தது, நாற்காலியில் உட்கார ஆள் இல்லாமல் இருந்தது. இருந்ததும் இல்லாததும் சேர்ந்து நடத்திய கதை இது. 'ம்' கொட்டுகிறவர்கள் கொட்டுங்கள், மற்றவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

ஊருக்குப் பெயர் மஞ்சணத்திபுரம். மேலத்தெரு ஒரு ஆட்கள், கீழத்தெரு வேறு ஆட்கள். ஒரே குளத்துத் தண்ணீர்தான் இரண்டு தெரு வயலுக்கும் பாயும், ஆனால் ஒரு தெருவின் சொம்பை இன்னொரு தெருவின் வாய் தொடாது. மேலத்தெருவில் பிறந்த செண்பகமும், கீழத்தெருவில் பிறந்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டிப் பிழைத்த தவசியும் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு, இரண்டு தெருவும் முதல் தடவையாக ஒரே முடிவுக்கு வந்தன: இவர்கள் வீட்டு வாசலை யாரும் மிதிப்பதில்லை. பதிமூன்று வருடம் அந்த ஒற்றுமையைப் பேணிக் காத்தார்கள்.

வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது செண்பகம் சந்தையில் ஆறு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து வரிசையாகப் போட்டாள். பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பை அணைத்தது. நாற்காலிகள் போட்டது போட்டபடி இருந்தன. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ராசதுரையின் வீடு அங்கிருந்து எண்ணி இருநூறு எட்டு வைக்கிற தூரம்தான். இருநூறு எட்டையும் அவன் எடுத்து வைக்கவில்லை.

அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் செழியனுக்குப் பன்னிரண்டு வயது, ஆதிரைக்கு ஒன்பது, குயிலிக்கு ஆறு. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும் என்பது அந்தச் சீமை வழக்கம். மாமன் வராததால் ஆதிரைக்கு நகைக்கடையில் மெஷின் வைத்துக் குத்தினார்கள், பத்தாம் நாள் சீழ் கட்டி, இருபதாம் நாள் ஓட்டை தூர்ந்துபோனது. மடி இல்லாமல் குத்தியதால்தான் என்று செண்பகம் மனதுக்குள் முடிபோட்டுக்கொண்டாள். "குயிலிக்கு எங்க அண்ணன் மடியில வச்சுத்தான் குத்துவேன். அது வராட்டி என் பிள்ளை மூளிக்காதோடவே இருக்கட்டும்" என்றாள். தவசி கையில் எப்போதும் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், பேச வேண்டிய இடத்தில் அதைச் சுற்றிக்கொண்டிருப்பான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது இப்படி. மேலத்தெருப் பையன்கள் மணிக்கட்டில் ஒரு நிறக் கயிறு கட்டிக்கொள்வார்கள், கீழத்தெருப் பையன்கள் வேறு நிறம். செழியன் ஆறாம் வகுப்புக்குப் போன முதல் வாரத்திலேயே "உங்க அம்மை எங்க ஆளுதானலே, கட்டு" என்று ஒரு கூட்டம் ஒரு கயிற்றைக் கொடுத்தது, "உங்க அப்பன் எங்க ஆளுதானலே, கட்டு" என்று மறு கூட்டம் மறு கயிற்றைக் கொடுத்தது. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒரு கையில் ஒன்றும் மறு கையில் இன்னொன்றுமாக இரண்டையும் கட்டிக்கொண்டு போய் நின்றான். இடது கையை ஒரு கூட்டமும் வலது கையை ஒரு கூட்டமும் முறுக்கின. மாவுக்கட்டோடு வந்தவனைப் பார்த்த செண்பகம், முன்பு நர்சரியில் டீச்சராக இருந்தவள், மறுநாளே மூன்று பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் வாங்கி வந்துவிட்டாள்.

கணக்கும் தமிழும் காலையில், அறிவியல் மத்தியானம், நாலு மணிக்கு விளையாட்டு என்று சுவரில் அட்டவணை ஒட்டினாள். மூலைக் கடை பாக்கியத்தக்கா ரோட்டில் நின்றபடியே, வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் வைக்காமல், உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "படிப்பு வரும் டீச்சர். ஆள் மக்க பழக்கம் எங்க இருந்து வரும்? வீட்டுக்குள்ளயே கெடக்கிற பிள்ளைக்கு, நாலு பேரு வந்தா வாங்கன்னு சொல்லத் தெரியுமா?"

செண்பகத்துக்கு அது முள்ளாகக் குத்தியது. நாலு பேர் வந்தால்தானே வாங்க என்று சொல்ல. அன்றைக்கே அட்டவணையில் விளையாட்டை அடித்துவிட்டு, 'நாலு மணி: மரியாதை' என்று எழுதினாள்.

ஆறு நாற்காலிகளையும் துடைத்து வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் உறவு வைத்தாள். கைப்பிடியில் கீறல் விட்டிருந்த முதல் நாற்காலி தாய்மாமன். அடுத்தது பெரியப்பா, பெரியம்மை, அத்தை, சித்தப்பா, சித்தி. ஆறு டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைகளை நிறுத்தினாள்.

"மாமா வந்திருக்காவ. என்ன சொல்லணும்?"

"வாங்க மாமா."

"மொகத்தப் பாத்துச் சொல்லு."

"மொகம் எங்க இருக்கும்மா?" என்றாள் குயிலி.

"தலை வைக்கிற எடத்துக்குக் கொஞ்சம் மேல. மாமா நல்ல உயரம்."

வலது கையால் டம்ளரைப் பிடித்து இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும், தளும்பக் கூடாது, குடிக்கிற வாயையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, வந்தவர் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது, அழுகை வந்தால் அவர்கள் போன பிறகு அழ வேண்டும், வந்து உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது, தண்ணீர் குடிக்காமல் அனுப்பக் கூடாது, போகிறவரை கேட் வரைக்கும் போய் அனுப்பிவைத்து அவர் தெரு திரும்புகிறவரை நிற்க வேண்டும். இவ்வளவும் நாள்தோறும் நடந்தது.

"யம்மா, சாப்ட்டியளான்னு கேட்டா சேர் என்ன சொல்லும்?"

"சாப்ட்டேன்னு சொல்லும். பசிச்சாலும் அப்படித்தான் சொல்லும். அதனால ரெண்டு தரம் கேக்கணும்."

வேறு பிள்ளைகள் என்றால் சிரித்து உருண்டிருப்பார்கள். இந்த மூன்றுக்கும் உண்மையான விருந்தாளி எப்படி இருப்பார் என்று தெரியாததால் பொய்யும் தெரியவில்லை. ஆறு நாற்காலியையும் பிள்ளைகள் நிஜமாக வரவேற்றார்கள், சாப்பிடச் சொல்லி நிஜமாக வருந்தி அழைத்தார்கள், மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நிஜமாகக் கவலைப்பட்டார்கள். இப்படியே நாற்பது நாள் போயிற்று. நாற்பத்தோராம் நாள் செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு, கேட்டின் கொக்கி தானாகத் தூக்கிக்கொண்டது; நாலேகால் மணிக்கு முதல் டம்ளரில் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்தது. அந்த நாற்காலியின் கால்கள், கனமான ஆள் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் எப்படி அகலுமோ அப்படி அகன்றன. அடுத்தடுத்து மற்ற ஐந்தும் அப்படியே அகன்றன.

செண்பகம் பார்த்தாள். "குயிலி, மாமாவுக்கு இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றாள்.

சாயங்காலம் தவசி வேலை முடிந்து வந்து, வாசலிலேயே நின்று, அகன்றிருந்த ஆறு நாற்காலிக் கால்களையும் பார்த்து, கையைக் கழுவிவிட்டு அடுக்களைக்குப் போய்க் கேட்டான்: "எத்தன பேரு? அரிசி கூடப் போட்டியா?"

"சாப்ட்டாச்சுன்னுட்டாவ."

"ரெண்டாந்தரம் கேட்டியளா?"

ஆறு மணிக்கு அவர்கள் எழுந்தார்கள். நாற்காலிக் கால்கள் நேராயின. பிள்ளைகள் கேட் வரைக்கும் போய் அனுப்பினார்கள். கொக்கி ஆறு தடவை தூக்கி ஆறு தடவை சத்தமில்லாமல் விழுந்தது. மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் தூக்கியது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

முதல் வாரம் ரோட்டில் நின்று பார்த்தார்கள். இரண்டாவது வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாவது வாரம் பாக்கியத்தக்கா பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். வந்ததும் செண்பகத்திடம், "நான் உன் வீட்டுக்கு வரல கேட்டியா, அவுகளப் பாக்க வந்தேன்" என்று தெளிவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு எல்லோரும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். மேலத்தெரு வந்தது, கீழத்தெரு வந்தது. சுவரோரமாக நின்று, குடிக்கிற தண்ணீர் குறைவதைப் பார்த்து, "என்ன ஒரு அடக்கம், ஒரு சொட்டு கீழ சிந்தல பாத்தியா" என்று மெச்சி, தங்களுக்கு நீட்டிய டம்ளரை மட்டும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு அது உபயோகத்துக்கு வந்தது. வாய்த்துடுக்கான பிள்ளைகளைக் கூட்டி வந்து நாலு மணிக்கு விட்டார்கள். "அவுகளப் பாத்துப் படிலே. கால் மேல கால் போடுதாவளா? குறுக்க பேசுதாவளா?" என்று காலி நாற்காலிகளைக் காட்டிக் கண்டித்தார்கள். கயிறு கட்டிய கைகளோடு வந்த பையன்கள், செழியனின் கையை முறுக்கியவர்கள் உட்பட, வரிசையில் நின்று, "வாங்க பெரியப்பா" என்று காற்றைக் கும்பிட்டார்கள். செழியனை ஒருத்தனும் 'வாலே' என்று கூப்பிடவில்லை. பாடம் நாற்காலியோடு முடிந்துபோனது.

மேலத்தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், முன்வரிசைக்கு மதிப்பான ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது யாரோ சொன்னார்கள், ஆறு பேர் இருக்கிறார்களே, மரியாதைக்கு அவர்களை மிஞ்சி யார். பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய கவரின் மேல், 'சிவப்பு நாற்காலிப் பெரியவர்கள் ஆறு பேர்' என்று எழுதியிருந்தது. தவசியின் பெயரும் இல்லை, செண்பகத்தின் பெயரும் இல்லை. "பிள்ளைகள் சேரை மட்டும் மண்டப வாசல்ல கொண்டாந்து வச்சிட்டா போதும்" என்று சொல்லியனுப்பினார்கள்.

செழியனும் ஆதிரையும் ஆளுக்கு மூன்றாகத் தலையில் சுமந்துகொண்டு போய் வைத்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்தவள் அவர்கள் பக்கம் வரும்போது கையை நிறுத்திக்கொண்டாள். மண்டபத்தின் முன்வரிசையில் ஆறு நாற்காலியும் கால் அகலாமல், காற்றில் நகரும் அளவுக்கு லேசாக நின்றன. தாலி கட்டி முடியும் வரை லேசாகவே நின்றன. கூப்பிடாத வீட்டுப் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்காருவது அந்த ஆறு பேருக்கும் வழக்கமில்லை போலிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நாற்காலிகளைத் திரும்பச் சுமந்து வந்து போட்ட பிறகு, அன்றைக்கு நாலு மணிக்கு வீட்டில் கொக்கி தூக்கியது.

கல்யாண வீட்டாருக்கு அது குறையாகப் போயிற்று. குறையிலிருந்துதான் அந்தக் கேள்வி முளைத்தது, முளைத்திருக்க வேண்டிய நாளைவிடத் தாமதமாகத்தான் முளைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

"அது சரி, அவுக எந்த ஆளுக?"

மேலத்தெரு சொன்னது: "நிமிந்து உக்காருத தோரணையைப் பாத்தாலே தெரியலியா, நம்ம ஆளுகதான்." கீழத்தெரு சொன்னது: "அடக்க ஒடுக்கமா இருக்கிறது எங்க ஆளுகதான்." ஒரு வாரம் இரண்டு தெருவும் ஆறு பேருக்காகச் சண்டை போட்டன. கடைசியில் யாரோ ஒரு யோசனை சொல்ல, நாற்காலிகளின் கைப்பிடியில் ஒரு பக்கம் ஒரு நிறக் கயிறும் மறு பக்கம் மறு நிறக் கயிறும் கட்டினார்கள், எது தங்குகிறது பார்ப்போம் என்று. மறுநாள் வந்து பார்த்தால் பன்னிரண்டு கயிறும் முடிச்சு அவிழ்ந்து, நான்காக மடிக்கப்பட்டு, இரண்டிரண்டாக ஆறு நாற்காலியின் மேலும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. கொடுத்ததைத் தூக்கியெறியவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. செழியன் அந்தக் கயிறுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு இப்படிச் செய்யத் தெரியாமப் போச்சே" என்றான்.

இரண்டு தெருவுக்கும் அன்றைக்குச் சப்பென்று போயிற்று. "ரெண்டுங்கெட்டான் வீட்டுத் தண்ணியக் குடிச்சவுக வேற எப்படி இருப்பாவ?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இனிமேல் அவர்களைப் பற்றிப் பேசினால் 'அவுக' என்று சொல்லாமல் 'அதுக' என்று சொல்வதென முடிவு செய்தார்கள். அதோடு ஆச்சரியம் தீர்ந்தது. மஞ்சணத்திபுரத்தில் எந்த ஆச்சரியமும் சாதி கேட்கிறவரைக்கும்தான்.

அப்புறம் ஒருநாள் நாலரை மணிக்கு, குயிலி தண்ணீர் கொடுத்துவிட்டு முதல் நாற்காலியின் முன்னே நின்றபடி, அம்மா சொல்லித்தராத ஒன்றைக் கேட்டாள்.

"மாமா, ஒங்க மடியில உக்காரட்டுமா?"

கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தாள். நாற்காலி லேசாக முனகியது, ஆள் ஒருவர் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொள்கிற மாதிரி. அவள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. காலை ஆட்டிக்கொண்டு, "யம்மா, வெதுவெதுன்னு இருக்கு" என்றாள்.

சுவரோரம் நின்றிருந்த பாக்கியத்தக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். தவசி பல வருடத்துக்குப் பிறகு செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான்: "செண்பகம், வேற என்ன வேணும்? இந்த மடி போதாதா? ஆசாரிய வரச் சொல்லுதேன். வார புதன்கிழமை குத்திருவோம்."

செண்பகம் குயிலியையும் அந்த ஒரு சாண் வெளிச்சத்தையும் பார்த்தாள். "சரி" என்றாள். வாய்தான் சொல்லிற்று, கண் மேலத்தெருப் பக்கம் இருந்தது.

செய்தி இருநூறு எட்டு நடந்து போக ஒரு பொழுதுகூட ஆகவில்லை. டீக்கடையில் ராசதுரையை நிறுத்திக் கேட்டார்கள்.

"என்ன தொர, ஒன் எடத்துல காத்து உக்காந்திருக்காமே?"

"எந்த எடம்?"

"தாய்மாமன் எடம்தான். சீர் காத்து கொண்டு வருமா, இல்ல நீ வாங்கிக் குடுத்து விடுதியா?"

"அதுவாவது மடி குடுக்குதே. இவனுக்கு மடி இருக்கு, மனசு இல்ல" என்றான் இன்னொருவன். கடை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் அவன் போகக் கூடாது என்று பதிமூன்று வருடம் காவல் இருந்தவர்கள்தான்.

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்த ராசதுரை, அன்றைக்குச் சாயங்காலமே ஆள் அனுப்பினான்: புதன்கிழமை பத்து மணிக்கு மாமன் வருவான், சீரோடு வருவான், வேறு எதுவும் அந்த இடத்தில் உட்காரக் கூடாது.

செண்பகம் அன்று முதல் தூங்கினாளா தெரியாது. வீட்டை மெழுகித் துடைத்தாள், டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்தாள், பிள்ளைகளை நிறுத்திப் பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து நடத்தினாள். "இதுவரைக்கும் படிச்சதெல்லாம் இதுக்குத்தான். நெசமான மாமா வாராவ" என்றாள். "அப்ப இந்த மாமா?" என்று குயிலி கேட்டபோது, தேய்த்த டம்ளரை எடுத்து மறுபடியும் தேய்த்தாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு நெசமான மாமா வந்தான். மனைவியும், நான்கு பங்காளிகளும், பதினொரு தாம்பாளமும், மேளம் ஒன்றும் கூட வந்தன. மேலத்தெரு பின்னால் வந்தது, கீழத்தெரு எதிரில் வந்து நின்றது. அழைப்பு ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் என்பதால் அவர்கள் அன்றைக்குக் காலையிலேயே வந்திருந்தார்கள். ஆறு நாற்காலியின் கால்களும் அகன்றிருந்தன. ஆசாரி ஒரு மூலையில் ஊசியும் மஞ்சளும் வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாமா, வாங்க அத்தை" என்று மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் கும்பிட்டார்கள்.

ராசதுரை உள்ளே வந்து நின்றான். "எங்க உக்கார?" என்றான்.

"ஒரு நிமிசம் மச்சான். பாக்கியத்தக்கா கடையில பெஞ்சு கெடக்கு, எடுத்தாந்துருதேன்" என்று தவசி கிளம்பினான்.

"எங்க அண்ணன் பெஞ்சிலயா உக்காரும்?" என்றாள் செண்பகம். பிறகு நாற்காலிகளின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் குரல் நாலு மணிக் குரலாக இல்லை. "கொஞ்சம் எந்திரிச்சுக் குடுங்க. எங்க அண்ணன் வந்திருக்கு. பதிமூணு வருசம் ஆச்சு."

"யம்மா" என்றான் செழியன். "வந்தவுகள எழுப்பக் கூடாதுன்னு..."

"நீ சும்மா இருலே."

ஆறு நாற்காலியும் முனகின. கால்கள் ஒவ்வொன்றாக நேராயின. ராசதுரை தன் தோளில் இருந்த துண்டை எடுத்து முதல் நாற்காலியை இரண்டு தடவை தட்டித் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். மற்றவர்களும் தட்டித் துடைத்து உட்கார்ந்தார்கள்.

குயிலி தண்ணீர் கொண்டு வந்தாள். வலது கையால் பிடித்து, இடது கையால் முழங்கையைத் தொட்டு, தளும்பாமல் நீட்டினாள்.

"மாமா, தண்ணி குடிங்க."

"இப்பத்தாம்மா வழியில எளநி குடிச்சேன்."

இருநூறு எட்டில் இளநீர்க் கடை எதுவும் இல்லை. ஆதிரை அத்தைக்கு நீட்டினாள். "எனக்குச் சளி பிடிச்சிருக்கு கண்ணு." செழியன் பங்காளிகளுக்கு நீட்டினான். ஒருவருக்கு விரதம். ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவர், "வச்சிரு தம்பி, குடிச்சுக்கிடுதேன்" என்று தரையைக் காட்டினார். கடைசி ஆள் டம்ளரை வாங்கி உதட்டுப் பக்கம் கொண்டுபோய் அப்படியே கீழே வைத்தார். ரெண்டு தரம் கேக்கணும் என்பதால் பிள்ளைகள் எல்லோரையும் இரண்டாம் தரமும் கேட்டார்கள். குடிக்கிற வாயைப் பார்க்கக் கூடாது என்பதால் வாயைப் பார்க்கவில்லை. தண்ணீரின் மட்டத்தைப் பார்த்தார்கள். எத்தனையோ மாதமாக அந்த மட்டம் குறைவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். ஆறு டம்ளரிலும் ஒரு நூல் இறங்கவில்லை.

"நேரமாகுது, பிள்ளைய உக்கார வைங்க" என்றார் ஆசாரி.

ராசதுரை மனைவியின் பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்தான். கடை மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு. அதை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்து, தன் மடியின் மேல் விரித்தான். விளிம்புகளை இழுத்து, வேட்டி வெளியே தெரியாதபடி மூடினான். அப்புறம், "வா" என்றான்.

வீட்டுக்குள் இருந்த எல்லோரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள். ஆசாரி ஊசியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தவசி தரையில் கம்பியைத் தேடினான்.

"துண்டு வேண்டாம் மாமா. எனக்குக் குத்தாது" என்றாள் குயிலி, மரியாதையாக.

அவள் அம்மாவைப் பார்த்தாள். செண்பகத்துக்கு ஒரு சொல் போதும். 'வேண்டாம்' என்று ஒரு சொல். பதிமூன்று வருடம் அந்தச் சொல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அண்ணன் என்று ஒருவன் கண்ணெதிரில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு தெருவும் பார்த்துக்கொண்டிருக்கிறது, பதினொரு தாம்பாளம் இருக்கிறது. "உக்காருத்தா" என்றாள்.

குயிலி உட்கார்ந்தாள். ராசதுரை அவளைப் பிடிக்காமல் இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடிக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டான். மேளம் தட்டியது. ஆசாரி வலது காதில் மஞ்சள் தடவிக் குத்திக் கம்மலை மாட்டினார். அவள் அழவில்லை. ஒரு சொட்டு ரத்தம் துண்டில் விழுந்து பரவியது. மடி இம்மியளவு பின்னால் நகர்ந்தது.

அப்போது கேட்டின் கொக்கி தூக்கியது.

"இரு தாயி, இன்னொரு காது இருக்கு" என்றார் ஆசாரி.

"யம்மா, அவுக போறாவ" என்றாள் குயிலி. மடியை விட்டு இறங்கினாள். "மாமா, ஒரு நிமிசம். வந்தவுகள அனுப்பிட்டு வந்துருதேன்."

ஒரு காதில் கம்மலும், கழுத்தில் வழிகிற ரத்தமுமாக அவள் வாசலுக்கு ஓடினாள். ஆதிரையும் செழியனும் பின்னால் போனார்கள். கொக்கி தூக்கிற்று, விழுந்தது, தூக்கிற்று, விழுந்தது. சொந்தம் வந்துவிட்டது, இனி நமக்கு இங்கே இடம் எதற்கு என்று நினைத்துப் போனார்களோ, எழுப்பிவிட்ட வீட்டில் நிற்கக் கூடாது என்று போனார்களோ, அதைச் சொல்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. "போயிட்டு வாங்க பெரியப்பா. போயிட்டு வாங்க பெரியம்மை. போயிட்டு வாங்க அத்தை. போயிட்டு வாங்க சித்தப்பா. போயிட்டு வாங்க சித்தி." கடைசித் தடவை கொக்கி தூக்கியபோது குயிலி நிமிர்ந்து, தலை வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே பார்த்து, "போயிட்டு வாங்க மாமா" என்றாள். கொக்கி வெகுநேரம் தூக்கியபடி நின்றது. பிறகு விழுந்தது.

கூடத்தில் ராசதுரை எழுந்துவிட்டான். பங்காளிகளும் மனைவியும் ஏற்கெனவே செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர் போய்விட்டார்.

"இன்னொரு காதுண்ணே" என்றாள் செண்பகம்.

"மாமன் வந்தாச்சு, சீர் வச்சாச்சு, மடி குடுத்தாச்சு. இனி ஒரு பய வாயத் திறக்க முடியாது" என்றான், அவளைப் பார்க்காமல், வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி.

"ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போண்ணே."

"இன்னொரு நாளைக்கு."

செழியன் உள்ளே வந்தான். நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். ஆறும் சேர்ந்து ஒரே நாற்காலி ஆகும்வரை அடுக்கி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

"எதுக்குலே அடுக்குத? நாலு மணிக்கு அவுக வருவாவ" என்றாள் செண்பகம்.

"வரமாட்டாவம்மா. அவுகளுக்கு மரியாத தெரியும்."

ஆசாரி இடது காதுக் கம்மலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு அதைச் சீர்த்தட்டில் வெற்றிலையின் மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியேறினார். ஊர்க்கூட்டம் கலைந்தது, மேலத்தெரு மேற்கே, கீழத்தெரு கிழக்கே.

ராசதுரை கடைசியாகக் கிளம்பினான். ரத்தச் சொட்டு விழுந்த துண்டைச் சுருட்டி இரண்டு விரலால் பிடித்திருந்தான். கேட்டில் குயிலி நின்றிருந்தாள். உள்ளேயிருந்து டம்ளரை எடுத்து வந்து, வலது கையில் பிடித்து, இடது கையால் முழங்கையைத் தொட்டபடி நின்றிருந்தாள். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது.

"மாமா, தண்ணி குடிக்காமப் போகக் கூடாது."

அவன் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, அவள் தோள் தன் வேட்டியில் படாமல், கேட்டின் மறு ஓரமாக நுழைந்து வெளியேறினான். பத்து எட்டில் இருந்த கருவேலம்புதரில் துண்டை எறிந்தான். கையை வேட்டியில் துடைத்தான். நடந்தான்.

செண்பகம் வந்து மகளின் பின்னால் நின்றாள். போகிறவர் தெரு திரும்புகிறவரை நிற்க வேண்டும் என்று சொல்லித்தந்தவள் அவள்தான். அதனால் இரண்டு பேரும் நின்றார்கள். குயிலியின் கையில் தண்ணீர் தளும்பவில்லை.

"யம்மா, இப்ப அழுவட்டுமா?"

"இரு" என்றாள் செண்பகம். "இன்னும் போகல."

நூற்றைம்பது எட்டு, நூற்றெண்பது எட்டு. ராசதுரை திரும்பிப் பார்க்காமல் மேலத்தெருவுக்குள் நுழைந்தான். அதற்குமேல் போவதற்கு ஆள் இல்லை.